இருபத்தைந்தாம் திகதித் தேங்காய்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த செலீனுக்கு நாற்பத்தாறு வயதில்தான் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரி வெட்டத் தெரிந்தது. அந்தப் புண்ணியம் புருஷன் ஹியூபேட்டைச் சேரும். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்த மனுஷன், தொண்ணூற்றைந்தில் வேலையை விட்டு, கைக்கு வந்த காசு முழுவதையும் சிலாபத்துக்கு உள்ளே மூன்று ஏக்கர் தென்னங்காணியில் போட்டார். "குண்டுச் சத்தமும் சோதனையும் போதும். அங்க போய் நிம்மதியா இருப்பம்" என்றார். நிம்மதி இருந்தது, கரண்ட்தான் இல்லை. லைட் போஸ்ட் ஒன்றரை மைலுக்கு அப்பால் சந்தியோடு நின்றுவிட்டது.

அடுத்த வருடம் மழை பொய்த்து, கொழும்பில் மணிக்கணக்காகக் கரண்டை வெட்டினார்கள். இருட்டில் புழுங்கிச் சாவதாகத் தமக்கை எழுதிய கடிதத்தை வாசித்துச் செலீன் வாய்விட்டுச் சிரித்தாள். இல்லாததை யார் வந்து வெட்டுவது?

சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது. மகள் ஐறீன் கொட்டாஞ்சேனையில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படித்தாள். காணிக்குப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். விடுதிப் பணம் கட்டாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். படிப்பு அத்தோடு சரி.

ஹியூபேட்டுக்கு ஒரு வழக்கம். கல்யாணமான நாள் தொட்டு ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் திகதி சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து, மாதா படத்தின் முன் வைத்து எடுத்து, செலீனின் கையில் கொடுப்பார். காணிக்கு வந்தும் அதை விடவில்லை. இருபத்துமூன்றாம் திகதி மரமேறுபவன் வருவான். காய் விற்று, இருபத்தைந்தாம் திகதி கவர் வந்துவிடும். முதல் கவர் கொழுத்திருந்தது. பிறகு மாதத்துக்கு மாதம் மெலிந்து, ஆடி மாதமளவில் விடுதிக்கு இரண்டு மாதப் பாக்கி விழுந்திருந்தது.

காய் வாங்குகிறவள் ஏமாற்றுகிறாள் என்றே செலீன் நினைத்தாள். புருஷன் செத்தபின் தேங்காய் உலர்த்தும் கொப்பறா வாடியைத் தனியாக நடத்தும் அஸீஸாதான் அந்தக் காய் வாங்குகிறவள். ஒரு காலை, நன்றாக நாலு கேள்வி கேட்பதென்று சீலையைச் செருகிக்கொண்டு வாடிக்குப் போனாள். அஸீஸா சண்டைக்கு வரவில்லை. காய்ந்த கொப்பறாத் துண்டொன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஒடிச்சுப் பாருங்க தங்கச்சி."

ஒடியவில்லை. றப்பர் மாதிரி வளைந்தது.

"இது ஒங்கட காய். சரியா முத்தல்ல. எல்லாரும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத் தானே பறிக்கிய. நீங்க மாசா மாசம் பறிச்சா இப்பிடித்தான் ஈக்கும். நான் என்ன வெல போட ஏலும்?"

செலீனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நல்ல மனுஷியைக் கள்ளியாக்கப் பார்த்தேனே என்று தன்மேலேயே கோபம் வந்தது. தென்னைக்கும் சம்பள நாள் உண்டென்று நினைத்த குடும்பம் உலகத்திலேயே தங்களுடையதாகத்தான் இருக்கும்.

வீட்டில் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் கொழும்புக்கு பஸ் ஏறினாள். வழியில் சோதனைக்கு இரண்டு தரம் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்த சிப்பாய் திரும்பவும் முகத்தைப் பார்த்தான். எங்கே போகிறாய் என்று கேட்டதற்குச் சிங்களத்தில் மகளிடம் என்றாள். மடத்துத் தலைவி மதர் முன்னால் நின்றபோதுதான் பயம் வந்தது. வாழ்நாளில் ஒருவரிடமும் தவணை கேட்டதில்லை.

"மதர், பாக்கியையும் சேர்த்து ரெண்டு மாசத்துக்கு ஒருக்காக் கட்ட விடுவீங்களா? காய் முத்தினாத்தான் காசு."

"இங்க பாதிப் பிள்ளைகளுக்குப் பணம் வாற நாள் கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார் மதர். "நீங்க ஒரு கணக்காவது சொல்றீங்க. கட்டுங்க."

திரும்பி வந்தபோது ஹியூபேட் கிணற்றடியில் நின்றார்.

"இந்தத் தரம் பறிக்க வேணாம். பிஞ்சைப் பறிச்சுத்தான் காசு குறையுது."

அவர் வாளியை இறக்கி வைத்தார். "தெரியும் செலீன். மூணாம் மாசமே மரமேறுறவன் சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா பறிச்சீங்க? புள்ளட படிப்பையும் நினைக்கல்லயா?"

"நினைச்சன். ஆனா அந்தத் திகதியில வெறுங்கையோட உனக்கு முன்னால நிக்க ஏலாமப் போச்சு."

செலீன் வந்த ஆத்திரத்தில், இந்த மாதம் வரவேண்டாமென்று மரமேறுபவனிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இருபத்தைந்தாம் திகதி வந்தது. காலையிலேயே மண்வெட்டியோடு போன மனுஷன் பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை. ஈரப்பலாக்காய்க் கறி ஆறிப்போயிற்று. தேடிக்கொண்டு போனால், காணியின் கடைசி மூலையில், புல்லே இல்லாத இடத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட வாங்க."

"இண்டைக்கு என்ன திகதியெண்டு தெரியும்தானே" என்றார், நிமிராமல்.

செலீன் மண்வெட்டியின் பிடியைப் பிடித்து நிறுத்தினாள். "துறைமுகப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்ட நாளெல்லாம் நான் வாசல்ல நிண்டன். கவருக்கா நிண்டன்?"

ஹியூபேட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவளோடு நடந்தார்.