என் கையால் கடலில் போட்ட மாத்திரை

என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு வருஷம் வராமல் இருந்தது. அந்த மாத்திரையைக் கடலில் போட்டவன் நான்தான்.

பிரியமானவர்களே, நான் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் ஓட்டுகிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்போது பாலவாக்கத்தில் ஒரு சபையில் இருந்தோம். பதினொரு வருஷம். யாரோடு பேசலாம், யார் கல்யாணத்துக்குப் போகலாம், எல்லாம் அங்கே சபையை நடத்துகிற ஐயா சொல்வதுதான். கூடப்பிறந்த அக்கா சபையை விட்டுப் போனாள். நாலு வருஷம் அவளை ரோட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாத்திரை சாப்பிடுவது அங்கே அவிசுவாசம். நாங்கள் ஒளித்துக் கொடுத்து வந்தோம். யாரோ ஐயாவிடம் சொல்லிவிட்டார்கள். பிடிபட்டவர்களை ஆராதனை முடிந்ததும் கடற்கரைக்கு நடத்திப் போவார்கள். மாத்திரையை அலையில் போடவேண்டும். திரும்பி வந்து, சுகமாகிவிட்டது என்று மைக்கில் சாட்சி சொல்லவேண்டும். சுகம் பிறகு வருமாம். நானும் சொன்னேன். கைதட்டினார்கள். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மூன்றாவது ஞாயிறு, ஆராதனை நடுவில் விழுந்தாள். வலிப்பு நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. ஐயா இன்னும் சத்தமாகப் பாடச் சொன்னார். நான் பிள்ளையைத் தூக்கினேன். வாசலை இரண்டு பேர் மறித்தார்கள்.

ஐயா மைக்கிலேயே கேட்டார்: "சாட்சி சொன்ன வாய்தானே அது? இப்ப தூக்கிக்கினு போனா, கர்த்தர பொய்யராக்குற."

நான் நின்றுவிட்டேன். பிள்ளை கையில் துடிக்கிறது, நான் நிற்கிறேன். இன்றைக்கும் அதுதான் என்னைச் சுடுகிறது.

அந்த ஹாலில் பெண்கள் வாய் திறக்கக்கூடாது. என் மனைவி எஸ்தர் திறந்தாள். "யோவ், இன்னா பாத்துக்கினு நிக்கிற? பொய் சொன்னது நீ. சாவறது அவளா?"

வாசலில் நின்றவனை அவளே தள்ளினாள்.

ஆட்டோவில் செபித்தேன். சபையில் கற்ற வார்த்தை ஒன்றும் வரவில்லை. தப்பு என்னுது, அவள விட்டுடு. அவ்வளவுதான். திருவான்மியூர் தாண்டும்போது பிள்ளையின் உதறல் குறைந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நாலு மணிக்குக் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எஸ்தரிடம் மட்டும்தான் பேசினார்.

நாங்கள் செத்தவர்கள் என்று சபையில் அறிவித்தார்கள்.

ஒரு வருஷம் எந்தக் கோவில் வாசலையும் மிதிக்கவில்லை. பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தேன். "எய்ந்திரு, டீ ஆறுது" என்றாள். அவள்தான் மந்தைவெளிப் பக்கம் தன் பங்குக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "பாப்பா மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதா?"

அன்றைக்குத்தான் அழுதேன்.

ஸ்டெல்லாவுக்கு இப்போது பத்து வயது. கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆண்டவருக்கு நன்றி. ஐயாவை மன்னிக்க என்னால் இன்னும் முடியவில்லை. ஞாயிறுதோறும் அதையும் ஆண்டவரிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் என்னைத் துரத்தவில்லை.

இதைப் படிக்கிறவர் யாராவது அப்படி ஓர் இடத்தில் பயந்து உட்கார்ந்திருக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கடவுள் வெளியேயும் இருக்கிறார்.