ஐந்தாம் பூச்சு

கொல்லம் 1130 (1954) ஐப்பசி 7. காலை ஐந்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குளத்தில் குளி, ஆறுக்குக் கட்டன்காப்பி, ஆறேகாலுக்கு ஆற்றுக்கு ஐந்தாம் பூச்சு. ஒன்பதரைக்கு நில அளவுக் கச்சேரிக்குப் புறப்பட்டேன். நாட்குறிப்பில் அன்று காலைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

ஆறு என்றது என் தெற்கு அறை மேசைமேல் இருந்த நெய்யாறு. பாறசாலைப் பக்கம் அன்று ரயில் கிடையாது. வரும், வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கொழும்பிலிருந்து வந்த, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டு, நெய்யாற்றின் குறுக்கே ஒரு பாலமும் கட்டியிருந்தேன். பதினோராம் தேதி வாசகசாலைப் பொருட்காட்சியில் வைப்பதாக ஏற்றிருந்தேன்.

பாலம் எளிது. தண்ணீர்தான் ஆளைக் கொல்லும். நீலம் பூசினால் தண்ணீர் ஆகிவிடாது. ஐப்பசியில் நெய்யாறு நீலமாகவா ஓடுகிறது? களிமண்ணில் படுகை இழைத்து, ஆற்று மணலையே சலித்துத் தூவி, நடுவில் கரும்பச்சையும் கரையோரம் செம்மண் நிறமும் கொடுத்தேன். அதன்மேல் அரக்கு வார்னிஷ், நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சு. எட்டாவது பூச்சில்தான் ஆழம் தெரியும். பூசுவது காலையில் மட்டும். மதியத்துக்குமேல் மழை வரும். ஈரக்காற்று பட்டால் வார்னிஷ் வெளுத்துப்போகும்.

வாசகசாலைக் காரியதரிசி என் மனைவியின் தம்பி. எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் அடிபட்டு, இடது கையில் கட்டோடு திரிந்தான். முந்தின நாள் வந்து, பாலத்தடியில் ஒரு எல்லைக்கல் நடச் சொன்னான். ஆற்றுக்கு இக்கரை தமிழ்நாடு என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டுமாம்.

“எல்லைத் தகராறு இன்னும் தீரலலே. தீராத எல்லைக்கு நான் கல்லு நடமாட்டேன்” என்றேன்.

“அத்தான் சர்க்கார் சோறு திங்கியவருல்லா. கல்லக் கண்டா பயம் உண்டும்.”

“நாளு முழுக்க சர்வேக் கல்லுக்குக் காவல் நிக்கவன்கிட்டயா சொல்லுக?”

“எட்டு நாளு வார்னிஷ் அடிக்கிய தண்ணியாக்கும். ஒரு கல்லு போட்டா முங்கிப்போவுமோ?”

எனக்கும் தமிழ்நாட்டோடு சேரத்தான் விருப்பம். அவன் வாயால் அதைக் கேட்கும்போது மட்டும் வெறுத்துப்போகும். வாசலைக் காட்டினேன். போனான்.

ஏழாம் தேதி மாலை ஐந்து இருபதுக்கு நனைந்துகொண்டு வீடு திரும்பினேன். பூட்டிவிட்டுப் போன தெற்கு அறை திறந்து கிடந்தது. ஆறு, மோரைக் கொட்டினதுபோல வெளுத்திருந்தது. பாலத்தடியில் சுண்டுவிரல் உயரத்துக்குச் சுண்ணாம்படித்த ஒரு கல். ஆணியால் களிமண் வரை குத்தி, கல்லை இறக்கி, அது அசையாமல் நிற்க மழை பெய்யும்போதே வார்னிஷைக் கெட்டியாக ஊற்றியிருக்கிறான்.

“அறைச் சாவிய நானாக்கும் குடுத்தேன்” என்றாள் மனைவி. “ஒரு கல்லு நட்டா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?”

“மழையில பூசினா வெளுக்கும்னு உனக்குத் தெரியுமில்லியா?”

“உங்க தண்ணி வெளுத்தது உங்களுக்குத் தெரியுது. அவன் கை நீலிச்சுக் கெடக்கது தெரியல. ஒரு நாளு போய்ப் பாத்தியளா?”

பார்க்கவில்லை. கஞ்சியைத் தனியாகக் குடித்தேன்.

உட்கார்ந்து நாள் எண்ணினேன். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் வெள்ளை போய்விடும். கல்லை இருந்தபடி விட்டால், மீதி மூன்று பூச்சும் பத்தாம் தேதிக்குள் முடியும். காட்சிக்கு ஆறு உண்டு. கல்லைப் பிடுங்கினால் படுகை உடையும். ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பத்தாம் தேதிக்கு மூன்று பூச்சுதான் ஆகியிருக்கும். மூன்று பூச்சில் அது ஆறாக இருக்காது, மெழுகின தரையாகத்தான் இருக்கும். ஊரே பார்த்துச் சிரிக்கும். முதலில் சிரிப்பவன் யார் என்றும் தெரியும்.

எட்டாம் தேதி காலை, குளிக்கும் முன்பே, பேனாக்கத்தியால் கல்லைக் கிளப்பினேன். ஐந்து பூச்சும் களிமண்ணும் உள்ளங்கை அகலத்துக்குச் சேர்ந்து பெயர்ந்தன. அப்படியே கொண்டுபோய், அடுக்களையில் அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுக் குளத்துக்குப் போனேன்.