ஹீட்டர் வயரைச் சுற்றியது யார்?

ஜெயரட்ணத்துக்கு மனிதர்களைச் சட்டென்று நம்பும் பழக்கம் இல்லை. சிட்னியில் இத்தனை வருடம் பஸ் ஓட்டி, ஏறுகிறவர்களை எல்லாம் கண்ணாடியில் கவனித்துக் கவனித்து, வீட்டுக்குள்ளும் அதே கண்ணோடுதான் நடமாடினார். நார்த்மீட்டில் அவர் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய பலகை வீடு. ஜன்னலைச் சாத்தினாலும் திரைச்சீலை ஆடும். வீட்டுக்காரனிடம் சொன்னால் பார்க்கலாம் என்பான், பார்த்ததேயில்லை. எனவே குளிர் தொடங்கியதும் ஜெயரட்ணமே கதவிடுக்குகளில், இடுப்பில் உடுத்திக் கிழிந்த பழைய சாரங்களைச் சுருட்டி வைத்தார். கண்ணாடிகளில் குமிழ் பிளாஸ்டிக் ஒட்டினார். வீட்டிலிருந்த ஒரே ஒயில் ஹீட்டருக்கும் சட்டம் போட்டார்: மாலையில் மட்டும், முன் ஹோலில் மட்டும்.

அப்படியிருந்தும் கரண்ட் பில் ஏறியது.

சந்தேகம் நேரே பின் அறைக்குப் போனது. அங்கே வாடகைக்கு இருந்தவன் செந்தில்நாதன். திருச்சிப் பையன், ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலெல்லாம் வீட்டில் உறக்கம். ஜெயரட்ணம் பஸ்ஸில், மனைவி சிவாஜினி மத்தியானம் வரை சைல்ட்கெயாரில் பிள்ளை பார்க்கும் வேலையில். ஆளில்லாத வீட்டில் ஹீட்டரும் அவனும். வேறென்ன நடக்கும்?

ஹீட்டர் வயரை ஜெயரட்ணம் வலப்பக்கமாகச் சுற்றி வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. கையை வைத்தார், இளஞ்சூடு. முகர்ந்தார், லேசான புளித்த வாடை. பயல் சொக்ஸ் காயப்போடுகிறான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

“இஞ்ச, இவன் பகலில ஹீட்டரை அறைக்குள்ள இழுக்கிறான். நீ கண்டனியோ?”

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிவாஜினி தலை நிமிரவில்லை. “எனக்கென்ன தெரியும்? பாவம், அந்தப் பிள்ளை சத்தமில்லாமக் கிடக்குது.”

“சத்தமில்லாதவனைத்தான் பாக்க வேணும்.”

மறு வாரம் லீவு போட்டுவிட்டு, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் அவன் அறைக் கதவைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது. அந்நேரம் கதவும் திறந்தது. ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட், காதை மூடிய குல்லா, மேலே போர்வை. “என்ன அங்கிள்?” என்றான். நல்ல நடிகன் என்று ஜெயரட்ணம் நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மூவரும் தோசை சாப்பிட்டார்கள். “பஞ்சு மாதிரி வந்திருக்கு” என்று ஜெயரட்ணம் மனைவியை மெச்சினார். அதே வாயோடு அவன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நேராக் கேக்கிறன். பகலில ஹீட்டர் போடுறனீங்களோ?”

“இல்ல அங்கிள்.”

“அப்ப வயரைச் சுத்தினது ஆர்?”

செந்தில்நாதன் சிவாஜினியைப் பார்த்தான். அவள் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான்தான் அங்கிள். வேற இடம் பாத்துக்கறேன்.”

அடுத்த வெள்ளிக்கிழமையே பிளாக்டவுனில் இடம் கிடைத்துவிட்டது. நண்பனின் கார் வாசலில் நின்றது. காலியான அறைக் கதவின் இடுக்கை அடைக்கச் சாரம் எடுக்கலாம் என்று, அன்று வேளைக்கே வேலை முடிந்து வந்திருந்த ஜெயரட்ணம் துணி துவைக்கும் அறைக்குப் போனார். துவைக்கும் அறைக் கதவின் அடியில் ஏற்கெனவே ஒரு சாரம் சுருண்டு கிடந்தது. அவர் வைக்காத சாரம். திறந்தார். முகத்தில் சூடு அடித்தது. அதே புளித்த வாடை. ஹீட்டருக்கு முன்னால், கம்பளி சுற்றிய பெரிய பானையில் தோசை மா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது.

பின்னால் சிவாஜினி வந்து நின்றாள். “போன விண்டருக்கு மா பொங்கேல்லையெண்டு தோசைக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினனீங்கள். நான் வேற என்ன செய்யிறது?”

“அவனுக்குத் தெரியுமோ?”

“ஓம். நீங்கள் வர முதல் ஹீட்டரைத் திருப்பி ஹோலில வைக்கிறதே அந்தப் பிள்ளைதான். சொல்ல வேண்டாமெண்டு நான்தான் கெஞ்சினனான்.”

ஜெயரட்ணம் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார். வெட்கத்தில் காது சுட்டது.

“தம்பி, பிழை என்னிலதான். போகாதைங்கோ. அறை உங்கட அறைதான்.”

“பரவால்ல அங்கிள். ஆன்ட்டிய ஒண்ணும் சொல்லாதீங்க.” செந்தில்நாதன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். கண்ணாடியை இறக்கி, கோபமே இல்லாமல் சொன்னான்:

“அங்க ரூம்ல ஹீட்டர் போட்டுக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”