இன்வெர்ட்டருக்குப் பொன்னாடை

கதவுக்கு வெளியே தொப்பியைக் கழற்றி, இரண்டு முறை செருமிவிட்டுத்தான் இலியேசா உள்ளே போவார். உள்ளே ஆள் யாருமில்லை. சுவரில் இன்வெர்ட்டர் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். சூடான காற்று வெளியே வரும் துளைகளின் அருகே புறங்கையைக் காட்டி, கண்ணை மூடி நிற்பார். "மூச்சு நல்லாத்தான் இருக்கு." அதற்கப்புறம்தான் காலைத் தேநீர்.

நடுக்கடலில் கிடக்கும் லாவ் தீவுகளில் அந்த ஊருக்கு நாற்பத்தொரு வீடு, ஒரு தேவாலயம், ஒரு மருந்தகம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டிதான். முன்பு கப்பலில் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர் இலியேசா. கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்வார்: "வெயில்லேருந்து வர்ற கரண்டு ஒரே பக்கமா ஓடும். பேட்டரியில இருக்கறதும் அப்படித்தான். பிரிட்ஜுக்கு அது ஆகாது, முன்னயும் பின்னயும் ஆடற கரண்டுதான் வேணும். செகண்டுக்கு அம்பது ஆட்டம்! ஆட்டி விடறவன் இவன்தான். அதுல உடம்பு கொதிச்சுப் போயிடும், பாவம்."

சனிக்கிழமை சாயங்காலம் முனகல் கொஞ்சம் கனத்தால் போதும், யார் வீட்டில் இஸ்திரி ஓடுகிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார். "மச்சான், சட்டைய எவ்வளவு தேச்சாலும் மூஞ்சி அதேதானே? அணைடா!"

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் உண்டு. மருந்தகத்துக் குளிர்பெட்டியில் இருப்பது அவர் மனைவி மெரியோனியின் இன்சுலின். அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள்.

போன ஞாயிறு, பெரிய தீவிலிருந்து போதகர்கள் வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் இன்வெர்ட்டரை ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. பாட்டு உச்சத்துக்குப் போன நேரம், கீபோர்டு சட்டென்று ஊமையானது. மின்விசிறிகள் தளர்ந்து நின்றன. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், பேட்டரியோ நிறைகுடம். அப்படியிருந்தும் தேவாலயத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. இலியேசா பாட்டின் நடுவே எழுந்து ஓடினார். அந்த ஊரில் எவரும் செய்யாத காரியம் அது.

கதவைத் திறந்தார். தடித்த மரப்பட்டைத் துணியால் தலை முதல் கால்வரை போர்த்தி, இடுப்பில் கயிறும் கட்டி, ஊர்த்தலைவரைப் போல் நின்றது இன்வெர்ட்டர். மூச்சு விட ஒரு துளை மிச்சமில்லை. துணியைப் பிய்த்தெடுத்தார். கை சுட்டது. திரை இருண்டு கிடந்தது.

பின்னாலேயே ஓடிவந்த நர்ஸ் விலிமைனா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அண்ணே! எந்த அதிமேதாவி இதைப் போத்தினது? இது செத்துப்போச்சுன்னா இந்த வெக்கையில அண்ணியோட மருந்து கப்பல் வர்ற வரைக்கும் தாங்குமா?"

துணியின் ஓரத்தில் ஓடிய கறுப்பு ஆமைகளை இலியேசா பார்த்தார். ஆமைக்கு அப்படிக் கோணலாக வால் வரைவது ஊரிலேயே ஒருத்திதான். ஆறு வாரம் பட்டையைத் தட்டித் தட்டி, 'விருந்தாளிகளுக்கு' என்று அவள் சொன்ன துணி.

"நான்தான் போத்தினேன்" என்றார்.

தாழை விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தார். அரைமணி நேரம் கை ஓயவில்லை. வாசலில் போதகர்களும் ஊராரும் கூடிவிட்டார்கள். பிறகு, சுவிட்சைப் போட்டார். ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பதில் 'டக்' என்றது. பழைய முனகல் எழுந்தது.

மருந்தகத்துக்கு ஓடிய விலிமைனா அங்கிருந்தே கத்தினாள்: "பிரிட்ஜ் ஓடுது! மருந்துக்கு ஒண்ணும் ஆகல!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெரியோனி உள்ளே வந்தாள். "அவரு பொய் சொல்றாரு. மரியாதை பண்றேன்னு நெனச்சு போத்தினவ நான்தான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

கீழே கசங்கிக் கிடந்த துணியை எடுத்து உதறினாள். இன்வெர்ட்டருக்கு எதிரே தரையில் சுருக்கமில்லாமல் விரித்தாள். அந்த ஊரில் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை நிறுத்த விரிப்பது போல.

"ஏறி நில்லுங்க" என்றாள்.

இலியேசா செருப்பைக் கழற்றினார்.