முத்துக்குமரன் திறக்காத பூட்டு

டில்லி முனீர்க்காவில் லீலாவதியின் கடையைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காது. ‘தாலாவாலி தீதி எங்கே?’ என்று கேட்க வேண்டும். பூட்டுக்கார அக்கா என்று அர்த்தம். கேட்டால் மோமோ விற்கிறவன்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து கை காட்டுவான்.

ஆனால் அந்தக் கடையில் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. ஆபீஸ்களில் ஏலத்துக்குத் தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, தூசு தட்டி, பழுது பார்த்து விற்பதுதான் அவள் பிழைப்பு. அப்படி வருகிற பெட்டி சும்மா வராது. பழைய எஜமான் வைத்த பாஸ்வேர்டையும் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் வரும். எஜமான் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போயிருப்பார், இல்லை மேலேயே போயிருப்பார். யாரைப் போய்க் கேட்பது? அதைத் தாண்டி உள்ளே போகக் கற்றுக்கொண்டாள். அது தெரிந்ததும், தாங்களே வைத்து தாங்களே மறந்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். வெளியே சொல்லக் கூசுகிற வியாதிக்கு மருந்து கேட்பவர்கள் மாதிரி நெளிந்துகொண்டு நிற்பார்கள். ஒருவன் பெண்டாட்டியை டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான், பாஸ்வேர்டு இன்னார் பேராக இருக்கலாம் என்று வாயைத் திறந்தான்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஸ்ரீதருக்கு வாழ்க்கைப்பட்டு டில்லி வந்தவள் அவள். லோதி ரோட்டில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைத் துணியால் துடைக்கிற வேலை. துடைத்தவள் திருகிப் பார்த்தாள், திருகியவள் திறந்து பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு வழக்கம் மட்டும் வைத்திருந்தாள். எந்தப் பெட்டியானாலும், அழிப்பதற்கு முன்னால், “உள்ளே என்ன இருக்கு?” என்று கேட்காமல் கை வைக்க மாட்டாள். பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம், உள்ளே இருப்பதை எந்தக் கடையில் வாங்குவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வைத்தி போன் செய்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சின்ன விசேஷ மண்டபத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. ரிட்டையர் ஆன செக்‌ஷன் ஆபீஸர்.

“லீலா, ஜல்தி வா. கேமரா கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேக்கறது. இங்கே போலீஸ் வரப்போறது.”

“போலீஸா? எதுக்கு சார்?”

“அருக்காணி... தங்க வளையலை...” என்று இழுத்தார். போனை வைத்துவிட்டார்.

அருக்காணி அந்த மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவள். நாமக்கல்காரி. புருஷன் பெரியண்ணன் லாரி டிரைவர், வண்டியோடு போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை மலை மந்திர் முருகன் கோயில் படியில் இவர்கள் இருவரும் உட்கார்ந்தால், சந்நிதி சாத்துகிறவரை பேச்சு ஓயாது. ஆட்டோவில் போகும்போதே லீலாவதி மனதுக்குள் சண்டை போட்டாள். அவளா? அவளா எடுப்பாள்?

மண்டபத்தில் காலையில்தான் ஒரு வளைகாப்பு முடிந்திருந்தது. லக்ஷ்மிபாய் நகர் விசாலாக்ஷியின் பெண்ணுக்கு. பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விசாலாக்ஷி ஆபீஸ் அறையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தங்க வளையல், இன்னொரு கை மொட்டை. அருக்காணி சுவரோடு ஒட்டி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட லீலாவதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“எங்க மாமியார் போட்ட வளையல், லீலா. மேடையிலே கழட்டி வெச்சுட்டுக் கை அலம்பப் போனேன். திரும்பி வந்தா இல்லே. இவ ஒருத்திதான் பெருக்கிண்டிருந்தா. வளையலை எடுத்தியாடீன்னு கேட்டேன். ‘எடுத்துட்டேனுங்கம்மா, மன்னிச்சுக்குங்க’ன்னு தன் வாயாலே சொன்னா! குடுடீன்னா, அது இல்லேங்கறா. என் தம்பி போலீஸ் தானாவுக்குப் போன் பண்ணிட்டான்.”

“நெசமா சொன்னியாடி?” என்றாள் லீலாவதி.

அருக்காணி தலையைக் குனிந்துகொண்டாள். “சொன்னனுங்க. ஆனா இவங்க தங்கத்தை நான் கண்ணாலயும் பார்க்கலீங்க்கா.”

“அப்ப எதை எடுத்தே?”

அருக்காணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எத்தனை கேட்டும் திரும்பவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. வாசலும் மேடையும் தெரிகிற மாதிரி கூடத்தில் ஒரு கேமரா. அது பிடித்ததெல்லாம் மூலையில் இருக்கிற பழைய பெட்டிக்குள். லீலாவதி விற்ற பெட்டிதான். வாங்கிய நாள் முதல் அணைந்ததே இல்லை. விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு கரண்ட் போய், இன்வர்ட்டரும் கையை விரித்துவிட, அது முதல்முறையாகத் தூங்கிப்போனது. எழுப்பினால் பாஸ்வேர்டு கேட்கிறது.

“இது டிஸ்க்குக்கே போட்ட பூட்டு சார். கழட்டி வேற பெட்டியில மாட்டினாலும் திறக்காது. அழிச்சுட்டுப் புதுசாப் பண்ணலாம். ஆனா காலையில எடுத்த படமும் சேர்ந்து போயிரும்” என்றாள் லீலாவதி.

“நன்னாப் போகட்டும், இவ சொன்னதே போதும்” என்றாள் விசாலாக்ஷி.

“எனக்குப் போதாது மாமி” என்றாள் லீலாவதி. குரல் உயரவில்லை, ஆனால் அதற்கப்புறம் விசாலாக்ஷி விசிறிக்கொள்வதை நிறுத்திவிட்டாள்.

வைத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நேக்கு மறக்கவே இல்லைம்மா. வைத்தீஸ்வரன் கோவில் எங்க குலதெய்வம். அங்கே முருகன் பேரு முத்துக்குமரன். அதான் வெச்சேன். போடு” என்றார்.

போட்டாள். திறக்கவில்லை. இங்கிலீஷ் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டாள். இல்லை. கடைசி எழுத்தை விட்டுப் போட்டாள். பெட்டி அப்படியே உறைந்து நின்றது. மூன்று தவறுக்கு மேல் அது பொறுக்காது. அணைத்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும்.

ஏற்றியபோது உள்ளேயிருந்து கடக் கடக் என்று ஒரு சத்தம். லீலாவதிக்கு அந்தச் சத்தம் தெரியும். டிஸ்க் கிழண்டு போய்விட்டது. ஓடிக்கொண்டே இருந்தவரை ஓடியது. இப்போது ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் எழுமா எழாதா என்பது அதன் கையில் இல்லை. எழாமல் போனால் அருக்காணி சொன்ன ‘எடுத்துட்டேன்’ மட்டும்தான் மிஞ்சும்.

வடக்கத்தியான் யாராவது அடித்திருந்தால் ‘த’வுக்குப் பின்னால் எச் போட்டிருக்க மாட்டான். லீலாவதியின் ஆதார் கார்டிலேயே அந்த எழுத்தைத் தின்றுவிட்டார்கள். அதை எடுத்துவிட்டுப் போட்டாள். இல்லை. அந்த ‘டி’யை இரட்டித்துப் போட்டாள். இல்லை. இன்னொன்று. மறுபடி உறைந்தது. மறுபடி அணைத்தாள். கடக் கடக் சத்தம் இந்தத் தடவை நீண்டது. எழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெண் போலீஸ் ஒருத்தி உள்ளே வந்தாள். “கௌன் ஹை? யஹீ ஹை க்யா?” என்று, இவள்தானா என்கிற மாதிரி அருக்காணியை மேலும் கீழும் பார்த்தாள். “சலோ.”

அருக்காணி செருப்பைத் தேடினாள். போகத் தயாரானவள்போல் தேடியதுதான் லீலாவதியை அறுத்தது.

“பஸ் பாஞ்ச் மினட், மேடம்ஜி” என்று ஐந்து நிமிஷம் கேட்டு நடுவில் போய் நின்றாள். “படம் இருக்கு. பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போங்க. பைட்டியே நா.” நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தம்மாளுக்கும் கால் வலியோ என்னவோ, உட்கார்ந்துவிட்டாள்.

லீலாவதி வைத்தியின் பக்கம் திரும்பினாள். “சார், உங்க கையாலயா அடிச்சீங்க இந்தப் பேரை?”

“நான் எதுக்கும்மா அடிக்கணும்? சர்வீஸ் முழுக்க நான் டிக்டேட் பண்ணுவேன், ஸ்டெனோ அடிப்பான். இதையும் கேமரா மாட்ட வந்த ஹிந்திக்காரப் பையாதான் அடிச்சான். நான் சொன்னேன், அவன் அடிச்சான்.”

“என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

“முத்துக்குமரன்னேன். அவன் முழிச்சான். ‘முட்டு க்யா ஹை சாப்?’ன்னான். நேக்கு ஹிந்தி சும்மா வருமா, நாப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேனே! ‘அரே, முத்து மத்லப் மோத்தி’ன்னு புரிய வெச்சேன். ‘அச்சா அச்சா, மோத்தி!’ன்னு சிரிச்சுண்டே அடிச்சுட்டான்.”

லீலாவதி அவரையே பார்த்தாள். “அவன் மோத்தின்னே அடிச்சுட்டான் சார். மோத்திகுமார்.”

“ராமா!” வைத்தி காதைப் பொத்திக்கொண்டார். “டில்லியிலே தெரு நாய்க்குன்னா அந்தப் பேரு வெப்பா! ஸ்வாமியையா?”

பெண் போலீஸுக்கு மோத்தி மட்டும் புரிந்து, “குத்தா கஹாங் ஹை?” என்று நாயைத் தேடி மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

லீலாவதி எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தாள். அடித்து முடித்து, கடைசிப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனபோது, பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

“தொறக்க வேண்டாமுங்க்கா.”

அருக்காணி. முகம் வெளிறிக் கிடந்தது.

“ஏன்டி?”

“வேண்டாமுங்க. நான் போலீஸோடயே போயிக்கறேன்.”

விசாலாக்ஷி எழுந்துவிட்டாள். “பாத்தியா! பாத்தியா!”

லீலாவதியின் விரல் அந்தரத்தில் நின்றது. அவள் திறந்த எத்தனையோ பெட்டிகளில், இதைத் திறக்காமலிருந்தால் தேவலை என்று தோன்றியது இது ஒன்றுதான். படியில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் திருடியாக இருந்தால், அதைத் தானே திறந்து காட்ட வேண்டுமா? ஆனால் திறக்காவிட்டால் அவள் திருடிதான். திறந்தால் ஒருவேளை இல்லை. அந்த ஒருவேளையை விடுவதற்கு மனசு வரவில்லை.

“நீ பேசாம இரு” என்று சொல்லிவிட்டு அமுக்கினாள்.

திறந்தது.

படத்தைப் பின்னோக்கி ஓட்டினாள். கூட்டம் கலைகிற நேரம். வாசலில் பெரிய கூடை. விசாலாக்ஷி குனிந்து குனிந்து தாம்பூலப் பைகளை எடுத்து நீட்டுகிறாள். இரண்டு கையிலும் தங்கம் தெரிகிறது. நீலப் புடவைக்காரி ஒருத்தி விடைபெற வருகிறாள். விசாலாக்ஷி பேச்சு சுவாரஸ்யத்தில், அவளுக்கென்று இன்னொரு தேங்காயை எடுத்து, அவள் பைக்குள் கையை விட்டு ஆழமாகத் திணிக்கிறாள். கை உள்ளே போகும்போது வளையல் இருக்கிறது. வெளியே வரும்போது இல்லை.

லீலாவதி படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி ஒருமுறை ஓட்டினாள். இன்னொரு முறையும் ஓட்டினாள்.

“அது சுஷ்மா...” என்றாள் விசாலாக்ஷி. “என் நாத்தனார். அப்போ மேடையிலே நான் கழட்டலையா?”

படம் தானாக ஓடிக்கொண்டே இருந்தது. கூடம் காலி. துடைப்பத்தோடு அருக்காணி வருகிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். துடைப்பத்தைச் சாத்திவிட்டு மேடையேறி, கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்த பூ ஜோடித்த நாற்காலியில் உட்காருகிறாள். தட்டில் மிஞ்சிக் கிடந்த கண்ணாடி வளையல்களை எடுத்து, கையில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்கிறாள். கிண்ணத்துச் சந்தனத்தைத் தொட்டு, தன் கன்னத்தில் தானே பூசிக்கொள்கிறாள். பெரியண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை காலமாகியும் அந்த நாற்காலியில் உட்கார அவளை யாரும் கூப்பிட நேரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் இருக்கிறாள். அங்கே படம் நின்றது. கரண்ட் போன நேரம்.

“யே க்யா கர் ரஹீ ஹை?” இவள் என்ன செய்கிறாள் என்று கேட்டாள் பெண் போலீஸ்.

“குச் நஹீ” என்றாள் லீலாவதி. “பைட்டீ ஹை.” ஒன்றுமில்லை, உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தம்மாள் லத்தியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். விசாலாக்ஷி போனைக் கையில் எடுத்தாள், நாத்தனாரைக் கூப்பிடாமல் வைத்தாள். “அருக்காணி... கண்ணாடி வளையலையா சொன்னே? அதைச் சொல்லப்படாதோடீ?”

“எப்படீங்க சொல்லுவேன்?” அருக்காணி முதல்முறையாக நிமிர்ந்தாள். “கேக்காம அந்த நாற்காலியில உக்காந்தது தப்புத்தானுங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். திருடின்னு சொன்னதுக்கு என்ன தண்டனைன்னு நீங்களே சொல்லுங்க.”

விசாலாக்ஷி கையிலிருந்த ஒற்றை வளையலைத் திருகினாள். வைத்தி தொண்டையைச் செருமினார். “சரிம்மா, ஏதோ நடந்துடுத்து. சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வரா, கூடத்தைக் கொஞ்சம்...”

அருக்காணி இடுப்பிலிருந்து மண்டபத்துச் சாவிக்கொத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள்.

“கூடத்தை ஐயாவே கூட்டிக்குங்க. அம்மா எங்க வீட்டுக்கு வந்து கூப்பிட்டாங்கன்னா அப்புறம் பார்க்கலாம்.”

வெளியே வந்ததும் லீலாவதி அவள் கையைப் பிடித்தாள். முழங்கைப் பக்கம் ஏற்றி, புடவைத் தலைப்பால் மறைத்த கண்ணாடி வளையல் ஒன்று தட்டுப்பட்டது.

“கழட்டலையாடி?”

“இறங்க மாட்டேங்குதுங்க்கா” என்றாள் அருக்காணி. இருவரும் பஸ் வருகிற பக்கம் நடந்தார்கள்.