வெள்ளைத் துணி தைத்த மத்தியானம்

"இப்படியே குடித்தால் ஆள் பிழைக்கமாட்டார்" என்று என் வீட்டுக்காரர் அருளப்பனைப் பற்றி டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு ஓய்ந்து போயிருந்தேன், அன்பானவர்களே.

பிரேசர் டவுனில் எங்களுடையது சவப்பெட்டிக் கடை. அவர் பலகை அறுத்துப் பெட்டி செய்வார். உள்ளே வெள்ளைத் துணி தைப்பது என் வேலை. சுதந்திரம் வந்த மறு வருஷம் எங்கள் ஒரே மகள் ரோசம்மா காய்ச்சலில் போனாள். அவளுக்கும் அவர்தான் பெட்டி செய்தார். அதோடு நான் கடைப்பக்கம் போவதை விட்டேன். அவர் குடிக்கத் தொடங்கினார்.

கூட்டாளிகள்தான் கெடுத்தார்கள் என்று பக்கத்துத் தகரக் கடை பாயிடம் சண்டைக்கே போனேன். "அல்லா மேல ஆணை, நான் அதைத் தொட்டதே இல்ல தங்கச்சி. என்னை ஏன் புடிச்சிக்கினே?" என்றார், பாவம்.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எல்லோரும் சேர்ந்து குடிப் பிசாசைத் துரத்தினோம். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒரு மழைநாள் மத்தியானம் அடுப்படியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நிறுத்தும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏன் குடிக்கிறார் என்றாவது காட்டும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பாய் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, கொழந்தைக்குச் சின்னப் பெட்டி ஆர்டர் வந்திருக்குது. அவரு சட்டையை மாட்டிக்கினு சாராயக் கடைக்குக் கிளம்புறாரு. பெரிய பெட்டின்னா இப்படிப் போறதில்ல, பாத்துக்கோ."

மெய்தான். பெரியவர்களுக்குப் பெட்டி செய்த நாளில் நேராக வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். ஆனால் அந்த வருஷங்களில் சின்னப் பெட்டிக்கா பஞ்சம்?

ஊசி நூலோடு கடைக்கு ஓடினேன்.

"நீ இன்னாத்துக்கு வந்தே?" என்றார் அவர்.

"துணி யாரு தைப்பா? நீங்களா?"

மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார். "அளவெடுத்தா அவ காலுதான்மே கண்ணுல நிக்குது" என்று சொல்லி, மகள் போனபின் முதல் தடவையாக அழுதார். பிறகு அவர் ஆணி அடித்தார். நான் தைத்தேன். அன்று அவர் சாராயக் கடைக்குப் போகவில்லை.

அன்றோடு விட்டுவிட்டார் என்று பொய் சொல்லமாட்டேன். விழுந்தார், எழுந்தார். இருவருமே களைத்துப்போனோம். ஆனால் ஆண்டவர் கைவிடவில்லை, ஆள் பிழைத்தார்.

உங்கள் வீட்டிலும் குடிக்கிறவர் உண்டானால், ஏன் என்று ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டினதும் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

இன்று காலையும் ஒரு சின்னப் பெட்டி. தைத்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.