தூத்துக்குடிக்குப் போன காலி டப்பா

நாலு பேர் முன்னால் டெய்சி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சுருளிவேல் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்பது அவர் வழக்கு.

டெய்சிக்குச் சொந்த ஊர் ஆத்தூர். தனியார் பள்ளியில் நாலு வருடம் கணக்கு நடத்தியவள், 2003இல் வேலையை உதறிவிட்டு நாகல் நகரில் மூன்று கம்ப்யூட்டரோடு பிரவுசிங் சென்டர் திறந்தாள். பக்கத்துக் கடை சுருளிவேலுடையது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி, ரேடியோ, டேப்ரிக்கார்டர் என்று பழகி, சிடி பிளேயரில் வந்து நின்ற மெக்கானிக்.

டெய்சிக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டு சிடியோ சினிமா சிடியோ, பார்த்து முடித்ததைக் கையில் வைத்திருக்க மாட்டாள். இணையத்தில் ஒரு குழு. ஊர் ஊருக்கு ஆட்கள். நீ முடித்தது எனக்கு, நான் முடித்தது உனக்கு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பார்சல் வந்ததும் வாங்கியவர் ‘சரியாக வந்தது’ என்று எல்லோரும் பார்க்க ஒரு வரி எழுத வேண்டும். அங்கே மரியாதை என்பதே அந்த வரிதான். டெய்சி பேரில் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

அதில் பாதி சுருளிவேலின் பற்பசையால் வந்தது. கீறல் விழுந்த சிடியில் பற்பசையைத் தடவி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ப்பார். பிறகு தன் கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, டப்பாவில் போட்டுக் கட்டுவார்.

"அண்ணன் பல்லு வெளக்குனாரோ இல்லையோ, சிடிக்கு வெளக்கிருவாரு" என்பான் மெயில் பார்க்க வரும் மருந்துக்கடை ரொனால்டு.

"ஏலே, ஒன் வாய மொதல்ல வெளக்கு" என்பார் இவர்.

2005 ஆடியில் தூத்துக்குடி இருதயநாதன் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு கேட்டார். தன்னுடைய சிடியை முந்திக்கொண்டு அனுப்பியும் விட்டார். பதிலுக்கு இங்கிருந்து போன டப்பா காலி.

"அண்ணே, சிடிய உள்ள வச்சீங்களா?" ரொனால்டும் இன்னும் மூன்று பேரும் இருக்கும்போது டெய்சி கேட்டாள்.

"என்னையப் பாத்தா களவாணியாத் தெரியுதா?"

"அப்படிக் கேக்கலண்ணே, மறந்து கிறந்து..."

"வச்சேன். எங்க குலசாமி மேல சத்தியமா வச்சேன். அந்த ஆளு சுருட்டிட்டு நாடகம் போடுறான்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே குழுவில் எழுதினாள். அவள் பேச்சு எடுபட்டது. இருதயநாதன் பத்து நாள் மன்றாடிப் பார்த்தார். ஏமாற்றுக்காரர் பட்டியலில் பெயரை ஏற்றி வெளியே தள்ளினார்கள்.

அதன் பிறகு டப்பாக்களை டெய்சியே திறந்து பார்த்துக் கட்டினாள். அதுவும் சுருளிவேலுக்குக் குத்தியது. ஆறு மாதம் பேச்சில்லை. அவள் சொல்லி அனுப்பிய டீயைக்கூடத் திருப்பி அனுப்பினார்.

மறு வருடம், மூலையில் செத்துக் கிடந்த அந்தக் கம்ப்யூட்டரை உதிரிக்காகப் பிரித்தார். உள்ளே பந்தய சிடி படுத்திருந்தது. அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. அனுப்பிய அன்றைக்கு ஓட்டிப் பார்க்கையில் கரண்ட் போனது. சிடித் தட்டு வெளியே வரவில்லை. கரண்ட் வந்ததும் எடுக்கலாம் என்று டப்பாவை மூடி வைத்தார். வந்த கரண்ட் கம்ப்யூட்டரையே எரித்துவிட்டது. அந்தக் கலவரத்தில், வாசலில் கூரியர்க்காரன் வண்டியை முறுக்கிக்கொண்டு நிற்க, மற்ற டப்பாக்களோடு காலியும் கட்டாகிப் போனது.

நாலு எட்டு வைத்தால் அவள் கடை. சொல்லியிருக்கலாம். ‘அவதான என்னைய அசிங்கப்படுத்துனா’ என்று மூன்று வருடம் ஓட்டினார்.

2009இல் வீட்டுக்கு வீடு இணையம் வந்து, டெய்சி கடையை மூடினாள். கோயம்புத்தூரில் அக்கா லிடியா வீட்டுக்குப் போக ஆட்டோவில் சாமான் ஏற்றியபோது, சுருளிவேல் சிடியைக் கொண்டுபோய் நீட்டினார்.

"எங்கிட்டதான் இருந்துச்சு தாயி."

"எப்பக் கெடச்சுச்சு?"

"மூணு வருசமாச்சு."

"அந்த மனுசன நான் என்னென்ன எழுதுனேன் தெரியுமாண்ணே?"

"நீயே ஒரு வரி எழுதிப் போட்டுரு. எனக்கு எங்க எழுத வருது?"

"என் தப்ப நான் எழுதிக்கிறேன்."

எழுதினாளா, அதை யாரும் படித்தார்களா, தெரியாது. அடுத்த தை பிறக்குமுன் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் சொன்ன காரியத்தைச் சுருளிவேல் இன்னும் செய்யவில்லை. அன்றைக்கு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, சிடியை அவர் கையிலேயே திருப்பி வைத்துச் சொன்னாள்:

"இதக் கூரியர்ல போடாதீங்க. அட்ரஸ் எழுதித் தாரேன். தூத்துக்குடிக்கு நீங்களே பஸ் ஏறிப் போயி, அவரு கையில குடுத்து, நடந்தத ஒங்க வாயால சொல்லிட்டு வாங்கண்ணே."